பகலில் மட்டும் மாட்டிய குழாய்

என் கணவரை வேலையிலிருந்து தூக்கச் சொல்லி முதன்முதலில் சிபாரிசு செய்தது நான் எழுதிய புரோகிராம்தான். இன்றைக்கு இதைச் சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்கும் அவருக்கும் சோறு இறங்கவில்லை.

அவர் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் டிரில்லர். பூமிக்குள் கிலோமீட்டர் கணக்கில் இறங்கியிருக்கும் இரும்புக் குழாயை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் கையிலிருக்கும் பிரேக்கில் இருக்கிறது. இரண்டு வாரம் திருவாரூர் பக்கத்து வயல்களுக்கு நடுவில் நிற்கும் ரிக்கில் வேலை, இரண்டு வாரம் வீடு. வீடு சின்ன காஞ்சிபுரத்தில், வரதர் கோயில் மதிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அவர்களுக்குப் பூர்வீகம் மாகறல். நிலம் நீச்சு என்று இருந்த குடும்பம், மாமனார் காலத்திலேயே டவுனுக்கு வந்துவிட்டது. நான் ஐயம்பேட்டைப் பெண். புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, கிண்டியில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். செல்போனில் இன்கமிங் இலவசம் என்று ஊரே கொண்டாடிய புதிது அது.

அப்போது எங்கள் கம்பெனிக்கு ஒரு வேலை வந்தது. கிணறு தோண்டித் தரும் தனியார் கம்பெனி ஒன்று, தன் ரிக்குகளில் பல வருடமாகச் சேர்ந்து கிடந்த விவரங்களைச் சிடிகளில் ஏற்றிக் கொடுத்தது. எந்தக் கிணறு, எவ்வளவு ஆழம், என்ன அழுத்தம், எந்த நேரத்தில் என்ன வேலை நடந்தது, யார் டிரில்லர், எல்லாம் அதில் இருந்தன. அவற்றை அலசி, குழாய் எந்தச் சமயத்தில் கிணற்றுக்குள் மாட்டிக்கொள்ளும் என்று முன்கூட்டியே எச்சரிக்கும் புரோகிராம் ஒன்று வேண்டும் என்றார்கள். இப்போது இதற்கு மெஷின் லேர்னிங் என்று பெரிய பெயர். நாங்கள் டேட்டா மைனிங் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மாமியாருக்கு விளக்கியபோது, "மைனிங்னா சொரங்கமாச்சே. புருசன் கெணறு தோண்டறான், பொண்டாட்டி சொரங்கம் தோண்டறா. நல்லா இருக்குது போ" என்றார்.

அது என் கணவர் வேலை செய்யும் கம்பெனிதான் என்பதை எங்கள் முதலாளியம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். டிரில்லர்களின் பெயர் எதுவும் வராது, எல்லோருக்கும் எண்தான், அதனால் பாதகமில்லை என்று அவர் சொன்னார். மடியில் கனம் இல்லை, வழியில் பயம் எதற்கு என்று நானும் இறங்கிவிட்டேன்.

குழாய் மாட்டுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கிணறு தோண்டும்போது மட் என்கிற கெட்டியான சேற்றுக் குழம்பைக் குழாய் வழியாக உள்ளே பம்ப் செய்துகொண்டே இருப்பார்கள். அடியில் நொறுங்கும் கல்துகளை அது வாரிக்கொண்டு மேலே வரும். மேலே ஒரு பெரிய சல்லடை ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். துகள் சல்லடையில் தங்கும், மட் மறுபடி உள்ளே போகும். துகளெல்லாம் மேலே வருவதற்குள் குழாயை உருவ ஆரம்பித்தால், மிச்சம் கிடக்கிற துகள் குழாயைச் சுற்றி இறுகிக்கொள்ளும். அப்புறம் இழுத்தாலும் வராது, தள்ளினாலும் போகாது. நாள் கணக்கில் போராடுவார்கள். சில சமயம் குழாயைப் பாதியில் அறுத்துவிட்டுக் கிணற்றையே கைவிட வேண்டிவரும். அளவுக்கு மீறி இழுத்து ஏதாவது அறுந்தால் கீழே நிற்கிறவர்கள் கதி என்ன என்று அவர் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

எனக்கு அப்போது ஆறாம் மாதம். காஞ்சிபுரத்திலிருந்து கிண்டிக்கு அந்த ரோட்டில் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலாளியம்மா யோசித்தார், கம்ப்யூட்டரையே ஒரு வேனில் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டார். வேன் வந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு. மாமியார் வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். ராகு காலம் போகட்டும், நாலரைக்கு மேல் இறக்கலாம் என்றார். டிரைவர் பாவம், சரிங்கம்மா என்று பீடி பற்றவைக்கப் போனார். என் கணவர் அன்று வீட்டில் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிவி பெட்டி மாதிரி இருந்த மானிட்டரை அவரே தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

அவர் அப்படித்தான். மறைந்த மாமனார் கறுப்புச் சட்டைக்காரர், மாமியார் பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மவும் மாட்டார். இருவரும் எப்படித்தான் குடித்தனம் நடத்தினார்களோ. மகன் அப்பா பக்கம் போய்விட்டார். போனதோடு நிற்காமல், ராகு காலம் எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பார்த்துப் பார்த்து அந்த நேரத்தில் காரியம் செய்வார். பைக் எடுத்தது ராகு காலத்தில். எங்கள் கல்யாணத்துக்கு அம்மாவிடம் தோற்றுப்போய் முகூர்த்தத்தில் தாலி கட்டினார். அந்த வயிற்றெரிச்சலுக்கு ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட என்னை எமகண்டத்தில் அழைத்துக்கொண்டு போனார். எனக்கு இரண்டு பக்கமும் இல்லை. சண்டை இல்லாமல் சாப்பிட்டால் போதும் என்று இருந்தேன்.

வேலை நன்றாகத்தான் போனது. நான் போட்டது முடிவு மரம் என்கிற முறை. ஒவ்வொரு கிளையிலும் ஒரு கேள்வி: ஆழம் இதற்கு மேலா, கிணறு சாய்வாகப் போகிறதா, பாறை களிமண் வகையா. ஆயிரக்கணக்கான வரிகளைப் பார்த்து, எந்தக் கேள்வி நல்லதையும் கெட்டதையும் நன்றாகப் பிரிக்கிறது என்று கம்ப்யூட்டரே கற்றுக்கொள்ளும். முதலில் ஆழம் வந்தது, அடுத்து சாய்வு, அடுத்து பாறை. எல்லாம் எதிர்பார்த்ததுதான். நாலாவதாக ஒரு கிளை வந்தது: டிரில்லர் எண் ஏழா? ஆம் என்றால் குழாய் மாட்டும் வாய்ப்பு எகிறியது. நியூரல் நெட்வொர்க் என்று இன்னொரு முறையிலும் போட்டுப் பார்த்தேன். அதுவும் ஏழாம் எண்ணைத்தான் காட்டியது. முதலாளியம்மா இடைக்கால அறிக்கையாக இதை அனுப்பிவைத்தார். கிணறு தோண்டும் கம்பெனியில் ரொம்பச் சந்தோஷப்பட்டார்களாம். இறுதி அறிக்கையும் இதையே சொன்னால் ஏழாம் எண்ணைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிடப் போவதாகச் சொன்னார்களாம்.

அதற்குப் பிறகுதான், ஒரு ஆர்வத்தில், இந்த ஏழாம் எண் ஆசாமியின் வரிகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். வழக்கமான இரண்டு வார ஓய்வு போக, அவர் வேலைக்கு வராத நாட்களும் வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தன. ஒரு ஆடி மாதம் முழுக்க வெற்று. அது என் கணவர் டைபாய்டில் படுத்திருந்த ஆடி. அடுத்த தையில் ஒரு வாரம் வெற்று. அது நாத்தனார் கல்யாணம். ஆவணியில் நீளமாக ஒரு வெற்று. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் கல்யாணத்துக்கு அவர் எடுத்த லீவு, மானிட்டரில் வெறும் கட்டங்களாக வரிசையாக நின்றது.

உடனே முதலாளியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இடைக்கால அறிக்கை போய்ட்டிருக்கேம்மா" என்றார். பிறகு சொன்னார்: "நீ மாத்தி எழுதினா தப்பு. சரியா இருக்கான்னு திரும்பப் பாத்தா தப்பில்ல. நல்லாப் பாரு. நானும் இங்க தனியா ஓட்டிப் பாக்கறேன். ரெண்டு பேருக்கும் ஒரே விடை வந்தாத்தான் அனுப்புவேன். அது வரைக்கும் வீட்ல வாயத் தொறக்காத."

வாயைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. அடுத்த முறை அவர் ரிக்கிலிருந்து வந்தபோதே முகம் சரியில்லை. ரிக் மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கணக்குப் போட்டது நான் என்பது அவருக்குத் தெரியும். ஏழாம் எண் அவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டதையும் என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவைச் சீண்டுவதை நிறுத்திவிட்டார். விடியும் முன்பே எழுந்து ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் நடக்கப் போய்விடுவார். தூக்கம் இல்லாமல் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது.

என் பயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வேலை போனால் போகட்டும், நான் சம்பாதிக்கிறேன், அதை ஓட்டிவிடலாம். புரோகிராம் சொல்வது உண்மையாக இருந்தால்? அவர் எதிலும் வேகம். சாப்பாட்டில் வேகம், பைக்கில் வேகம், பேச்சில் வேகம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று மாமியார் நாளைக்கு நாலு தடவை திட்டுவார். ரிக்கில் அவர்தான் மிக வேகமான டிரில்லர் என்று கம்பெனியே பாராட்டியிருக்கிறது. அந்த வேகத்தில் எங்கேயோ அலட்சியம் இருந்தால்? கீழே நிற்கிற நாலைந்து பேருடைய உயிர் அந்தக் கையில் இருக்கிறது. அவர் தட்டில் கை கழுவும்போது அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கே என் மேல் கோபம் வரும்.

கோபம் வந்தால் எனக்கு வேலை ஓடும். எல்லா வரிகளையும் குறுக்கும் நெடுக்கும் வெட்டிப் பார்த்தேன். மழைக்காலம், வெயில் காலம். பழைய ரிக், புது ரிக். எதிலும் ஏழாம் எண் மோசமாகவே வந்தது. கடைசியில் பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று பிரித்தேன். அங்கே ஒரு கூத்து. ராத்திரியில் ஏழாம் எண் எல்லோரையும் போலத்தான் இருந்தார். சொல்லப்போனால் இரண்டொருவரைவிட நன்றாகவே. மற்றவர்களைவிட அதிகமாக மாட்டியதெல்லாம் பகலில்.

நன்றாக வெளிச்சம் இருக்கும்போது அலட்சியமாகவும், இருட்டில் ஜாக்கிரதையாகவும் வேலை செய்கிற மனிதன் உலகத்தில் உண்டா? எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பகலை மணி மணியாக வெட்டினேன். அது இன்னும் விசித்திரம். அவருக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் பகல் முழுக்க இல்லை. திட்டுத் திட்டாக இருந்தது. அந்தத் திட்டு ஒவ்வொரு கிழமையும் வேறு வேறு மணிக்கு நகர்ந்தது. திங்கட்கிழமை காலையில், செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்கு முன்னால், வியாழக்கிழமை மத்தியானம். ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை. இது வெறும் இரைச்சல், தற்செயலாக வந்தது, விட்டுத்தள்ளு என்று முதலாளியம்மாவும் சொல்லிவிட்டார்.

அதற்குள் ஏழாம் மாதம் வந்துவிட்டது. வளைகாப்பு.

மாமியார் பார்த்த நாள் வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அதற்கு மேல்தான் வளையல். ஆனால் உறவுக்காரப் பெண்கள் எல்லோரும் பத்து மணிக்கே வந்து இறங்கிவிட்டார்கள். ஐயம்பேட்டையிலிருந்து என் அம்மாவும் சித்திகளும் கார் பிடித்து வந்துவிட்டார்கள். வளையல்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு வெற்றிலை கேட்டார். என்னைக் கனமான அரக்குப் பட்டில் சுற்றி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். மேலே ஃபேன், கீழே நான், எதிரே சுவர்க் கடிகாரம்.

"இன்னா அத்தே, எல்லாரும் வந்தாச்சில்ல, ஆரம்பிச்சிடலாமே" என்றேன்.

"பன்னெண்டுக்கு மேலதான்மா. பதறாத காரியம் செதறாது."

நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்த அவர், வழக்கமாக இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். அன்று வளையல் கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

ஆரம்பிக்கவும் முடியாது, வீட்டுக்குப் போகவும் முடியாது. அத்தனை பெண்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? ஒரு சித்தி எழுந்து கூடத்தை இன்னொரு தரம் பெருக்கினார். நாத்தனார் சீர்த் தட்டுகளை எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறது என்று கண்டுபிடித்தாள். முதலில் போடவேண்டிய வேப்பிலைக் காப்பைக் கட்டவே மறந்திருந்தது ஒருவருக்கு நினைவு வந்தது. புளிச்சோற்றில் உப்பு போதவில்லை என்று அம்மா சரி செய்தாள். பத்தரைக்கே ஆரம்பித்திருந்தால் இத்தனையும் நடுவில் இடித்திருக்கும். காத்திருந்த நேரத்தில், யாரும் சொல்லாமலே, எல்லாம் சுத்தமாகிக்கொண்டிருந்தது.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு. என் திட்டு. வெள்ளிக்கிழமைத் திட்டு அதே பத்தரை முதல் பன்னிரண்டுதான். செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை. கம்ப்யூட்டர் வந்து இறங்கிய நேரம். திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது. அடக் கடவுளே என்று எழுந்துவிட்டேன்.

"எங்கடி எழுந்து போற?" என்று அம்மா கத்தினாள். பட்டுப்புடவை தடுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் இருந்த அறைக்குப் போனேன். வலி கிலி எடுத்துவிட்டதோ என்று அவர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஏங்க, ரிக்குல ராகு காலம் பாப்பாங்களா?"

"இப்ப இன்னாத்துக்கும்மா அது?"

"சொல்லுங்க."

"பாக்காம? என்னைத் தவிர எல்லாந்தான். ராகு காலம், எமகண்டம் ரெண்டுலயும் எவனும் கொழாய உருவ ஆரம்பிக்க மாட்டான். அது முடியற வரைக்கும் பம்ப்ப நிறுத்தாம மட்ட சுத்த வுட்டுட்டு டீ குடிச்சிக்கினு குந்தியிருப்பானுங்க."

"ராத்திரில?"

"ராத்திரில எவன் ராகு காலம் பாக்கறான்?"

"ரிப்போர்ட்ல இன்னான்னு எழுதுவாங்க?"

"ராகு காலம்னு எழுத முடியுமா? மட் கண்டிஷனிங்னு எழுதுவானுங்க. எல்லா ரிக்குலயும் அதான்."

நான் அந்த வார்த்தையைப் பல நூறு தடவை பார்த்திருக்கிறேன். மட்டைச் சரி செய்கிறார்கள் என்று நம்பி அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"நீங்க எவ்ளோ நேரம் சுத்த வுடுவீங்க?"

"கம்பெனி ரூல் எவ்ளோ சொல்லுதோ அவ்ளோ. ஒரு நிமிசம் கொறைக்க மாட்டேன், கூடவும் வுட மாட்டேன்."

"அவங்க அதுக்கு மேல ஒன்ற மணி நேரம் சுத்த வுடறாங்க."

துகளைப் பற்றி நான் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார். ரூலில் சொன்ன நேரம் சாய்வான கிணறுகளுக்குப் போதவில்லை. மற்றவர்களுக்கு அது தெரியவும் இல்லை, தெரியாமலே காப்பாற்றப்பட்டார்கள். பல பகல்களில் ராகு கேதுவுக்குப் பயந்து அவர்கள் டீ குடித்த நேரத்தில் கிணறு சுத்தமாகிக்கொண்டிருந்தது. எந்தப் பயமும் இல்லாமல் ரூல்படி வேலை செய்த ஒரே ஆள் மாட்டிக்கொண்டார்.

அவர் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்தது. அடுத்த நொடி போய்விட்டது.

"இத எழுதாத" என்றார்.

"ஏன்?"

"ராகு காலம் பாத்தவனெல்லாம் தப்பிச்சான், பாக்காதவன் மாட்டினான், கம்ப்யூட்டரே சொல்லிடுச்சின்னு ஊரு பூரா பேசுவானுங்க. எங்கப்பா படத்துக்கு முன்னால நான் எப்டி நிப்பேன்? வேல போனா போவட்டும்மா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "காப்பாத்தினது ராகு இல்லீங்க, சேறு. ராகு சும்மா டீக்கடைல ஒக்காந்திருந்தாரு. இது புரியாத மாதிரி பேசாதீங்க. உங்களுக்கு உங்க அப்பா படம் பெருசா, வரப்போற புள்ளைக்கு அவங்கப்பா அலட்சியக்காரன் இல்லன்னு தெரியறது பெருசா?" என்று கத்திவிட்டேன். கூடத்தில் அத்தனை பேச்சும் அடங்கிப்போனது. மாமியார் வந்து எட்டிப் பார்த்து, "மணி பன்னெண்டாச்சு, சண்டைய அப்றம் வெச்சிக்கோங்க, வாங்க" என்று கூப்பிட்டார்.

இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார் யாரோ சந்தனம் பூசினார்கள், வளையல் அடுக்கினார்கள். என் மனசெல்லாம் ராத்திரி ஷிப்டில் இருந்தது. அன்று மாலையே அம்மா என்னை ஐயம்பேட்டைக்கு அழைத்துக்கொண்டு போனாள். கம்ப்யூட்டரும் கூடவே வந்தது. பலகாரக் கூடைகளுக்கு நடுவில், என் மடியில் கீபோர்டு, சித்தி மடியில் மானிட்டர். பிள்ளைத்தாய்ச்சியை வழியனுப்ப வந்த தெருவே அதைப் பார்த்துச் சிரித்தது.

போனதும் முதல் வேலையாக, குழாயை உருவுவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் மட் சுற்றியது என்று ஒவ்வொரு தடவைக்கும் கணக்கெடுத்து ஒரு புது நெடுவரிசையைச் சேர்த்தேன். அந்த நேரத்துக்கு என்ன பெயர் எழுதியிருந்தாலும் சரி, பம்ப் ஓடினால் ஓடியதுதான். மறுபடி மரத்தை வளர்த்தேன். ஆழம், சாய்வு, அடுத்து மட் சுற்றிய நேரம். டிரில்லர் எண் ஏழு எங்கேயும் இல்லை. மரத்தின் நுனி வரைக்கும் தேடினேன். இல்லை. அம்மா கொண்டுவந்த மோரைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் அழுதேன்.

அவர் மறுநாள் வந்தார். கோபம் இருவருக்கும் ஆறியிருந்தது. அவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, ராத்திரி ஷிப்டுகளை மட்டும் எடுத்துக் காட்டினேன். ராத்திரியில் யாரும் ராகு காலம் பார்ப்பதில்லை. அங்கேயும், ஏதோ ஒரு காரணத்துக்காக, தூக்கும் மெஷின் ரிப்பேர், விளக்குக் கோளாறு, ஆள் வரவில்லை என்று அதிக நேரம் மட் சுற்றிய போதெல்லாம் குழாய் சுலபமாக வந்திருந்தது. யார் டிரில்லராக இருந்தாலும் சரி.

"இங்க எந்த ராகு வந்தாரு, சொல்லுங்க" என்றேன்.

அவர் மானிட்டருக்குக் கிட்டே போய் ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவசரக்காரர் அவ்வளவு நேரம் ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அப்ப எழுது" என்றார்.

மாமியாருக்குப் பிறகு இதையெல்லாம் சொன்னபோது, ராத்திரியிலும் ராகு காலம் உண்டு, யாருக்கும் பார்க்கத் தெரியவில்லை என்று சாதித்தார். அவரோடு யார் வாதாடுவது?

முதலாளியம்மாவுக்கும் அங்கே அதே விடை வந்திருந்தது. ஆனால் பகலில் மட்டும் ஏன் சிலர் அதிக நேரம் மட்டைச் சுற்ற விடுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னதும் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். "கான்ட்ராக்ட் கையெழுத்துப் போடப் போன அன்னிக்கு அந்த மேனேஜர் என்ன ரிசப்ஷன்லயே ஒக்கார வெச்சிருந்தாரு. அவசர மீட்டிங்னாங்க. அதுவும் மட் கண்டிஷனிங்தான் போல" என்றார். அறிக்கையில் ராகு காலம் என்ற வார்த்தையே வரவில்லை. காத்திருந்த நேரம், அதன் பலன், ரூலை எப்படி மாற்ற வேண்டும், அவ்வளவுதான் எழுதினோம். ஏழாம் எண் என் கணவர் என்பதையும், அதனால் கணக்கை இருவரும் தனித்தனியாகப் போட்டோம் என்பதையும் முதல் பக்கத்திலேயே சொன்னோம்.

அறிக்கையை விளக்க முதலாளியம்மாவே திருவாரூருக்குப் போனார். என் கணவர் அப்போது மறுபடி டூட்டிக்குப் போயிருந்தார். நான் ஐயம்பேட்டை வீட்டில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அன்று காலை யாராவது போன் செய்து நலம் விசாரித்தால் எரிந்து விழுந்தேன். மத்தியானத்துக்கு மேல் என் கணவரே கூப்பிட்டார். பின்னால் ரிக் சத்தம் இரைந்தது.

"பிரேக் எங்கிட்டயேதான் இருக்குதும்மா" என்றார்.

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவரே சொன்னார். இனிமேல் கடிகாரம் பார்த்து உருவுவது கிடையாது. சல்லடையில் துகள் வருவது நிற்கிற வரைக்கும் மட் சுற்ற வேண்டும், பகலானாலும் ராத்திரியானாலும், எந்த டிரில்லரானாலும். "இப்ப எல்லாரும் வரிசையா குந்திக்கினு சல்லடையவே பாத்துக்கினு இருக்கோம். நானும் டீ குடிக்கக் கத்துக்கினேன்" என்றார். பழைய குரல். போனை வைத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். அப்பாடா என்று இருந்தது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

டூட்டி முடிந்து அவர் நேராக ஐயம்பேட்டைக்கு வந்தார். காஞ்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், பையோடு ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். அம்மா கறிக்குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா பாத்திரம் கழுவக் கிணற்றடிக்குப் போனதும், பாயில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டு கேட்டார்.

"ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்த ஏழாம் நம்பரு நான்தான்னு தெரிஞ்சப்ப, நீ நம்பினியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"நம்பினேங்க" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தலையை ஆட்டினார்.

"நானுந்தாம்மா நம்பிட்டேன். கணக்கு போட்டது நீ. நீ தப்பா போட மாட்ட. அப்ப எங்கையிலதான் இன்னாவோ கோளாறு இருக்குதுன்னு நெனச்சிட்டேன். ஒவ்வொரு தபா பிரேக்கப் புடிக்கும்போதும் கீழ நிக்கறவனுங்க மூஞ்சியப் பாப்பேன். இவன் வீட்டுக்குப் போவணுமே, அவன் வீட்டுக்குப் போவணுமேன்னு. கை நடுங்கும்மா. யாருக்கும் தெரியாம இன்னொரு கையால புடிச்சிக்குவேன்."

நான் அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அது நடுங்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தவர் அப்படியே சாய்ந்து, பாதிப் பேச்சில் தூங்கிப்போனார். சாயங்காலம் அம்மா காபியோடு வந்தாள். எழுப்பாதே என்று கையைக் காட்டினேன்.